மேடு ஆகாதவள்

உலகுக்கு மேடு ஆகாது என்று சங்கரலிங்கம் சொன்னது மலைக்காட்டுச் சரணாலயத்து வாசலில் நின்ற வனக்காவலரிடம். அந்த ஆள் கேட்டதென்னவோ உலகம்மாளைப் பார்த்துத்தான், நீங்க மேல வரலையாம்மா என்று, ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் பதில் புருஷன் வாயிலிருந்து வந்து விழுந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். டாக்டர் அவளிடம் வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட நேற்றைக்குத் தேவலை சார் என்று அவர்தான் சொல்வார், வலி என்னமோ அவருடைய சட்டைப்பையில் இருப்பதுபோல. சரி, போகட்டும். அவர்கள் போயாகிவிட்டது. கல் பாவிய பாதையின் முதல் திருப்பம் வரைக்கும் தலைகள் தெரிந்தன. முன்னால் மாப்பிள்ளை பரணி, ஆவணியில் தாலி கட்டியவர், தலைப்பொங்கலுக்கு வந்திருக்கிறார். அவர் பின்னால் மதி, உலகம்மாள் பெற்ற ஒரே பிள்ளை. அப்புறம் நாத்தனார் நாச்சியார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. கடைசியில் சங்கரலிங்கம், தொப்பையைச் சுமந்துகொண்டு, நாலடிக்கு ஒருமுறை நின்று காட்டை ரசிப்பதுபோல மூச்சு வாங்கிக்கொண்டு. அவருக்கு மேடு ஆகும். அவருக்கு எல்லாம் ஆகும். எண்ணெய்ப் பலகாரம் ஆகும், மத்தியானத் தூக்கம் ஆகும், சர்க்கரை இருந்தும் சர்க்கரைப் பொங்கல் ஆகும். ஆகாதது என்று ஒன்று இந்த வீட்டில் இருந்தால் அது உலகம்மாளுக்கு மட்டும்தான், அதுவும் ஒன்றே ஒன்றுதான், அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

இப்போது அவளும் பைகளும்தான். புளியமரத்தடி சிமெண்டு பெஞ்சு, குளிர்ந்து கிடக்கிறது, புடவை வழியாகக் குளிர் ஏறுகிறது. ஒரு பக்கம் ஒயர்கூடை, அதில் எலுமிச்சம்பழச் சோறும் தேங்காய்ச் சோறும் தூக்குச்சட்டிகளில், இன்னொரு பக்கம் கட்டைப்பை, அதில் துவையல், வடகம், வாழையிலைக் கட்டு, அதற்கு மேலே நாச்சியார் கேட்காமல் கொண்டுவந்து செருகிய பொங்கல் கரும்புத் துண்டுகள். குரங்கு உள்ள இடத்துக்குக் கரும்பு கொண்டுவருகிற குடும்பம் இந்தத் தென்காசியில் இவர்களுடையதாகத்தான் இருக்கும். மேலே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, குரங்கும் கரடியும் மோப்பம் பிடித்துக்கொண்டு வரும், அது இங்கே சட்டம். வேன்காரன் இறக்கிவிட்டுவிட்டு நிழல் தேடி அணைக்கட்டுப் பக்கம் போய்விட்டான். ஆகப் பைக்கு ஒரு ஆள் வேணும்லா என்றாள் நாச்சியார், சொல்லும்போதே அவள் கை ஒயர்கூடையை உலகம்மாளின் மடிப்பக்கமாக நகர்த்திவிட்டது. யாரும் யாரையும் பார்த்துத் தயங்கவில்லை. கோயிலுக்குப் போனால் செருப்பை எங்கே விடுவது என்று யோசிக்கிற நேரம்கூட இதற்கு ஆகவில்லை. வருஷா வருஷம் காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு எங்கேயாவது போவது சங்கரலிங்கம் வீட்டு வழக்கம், அருவி, அணை, பறவைச் சரணாலயம், தேரிக்காடு, எதையும் விட்டதில்லை, உலகம்மாளும் எதையும் விட்டதில்லை, எல்லா இடத்தின் அடிவாரமும் அவளுக்குப் பாடம். எந்த அணைக்கட்டில் எந்த வாகைமரத்தடியில் எறும்பு கடிக்கும், எந்த அருவிக்கரையில் முறுக்கு விற்கிறவள் வெற்றிலை கேட்டு வாங்கிப் போடுவாள் என்பதெல்லாம் சொல்வாள். பறவைச் சரணாலயத்தில் எல்லோரும் கோபுரத்தில் ஏறிக் கூழைக்கடா பார்த்தார்கள், செங்கால் நாரை பார்த்தார்கள், ஐயோ எவ்வளவு பெரிய மூக்கு என்று நாச்சியார் கத்தியது கீழே கேட்டது, உலகம்மாள் கோபுரத்தின் அடியில் கூடையோடு உட்கார்ந்து பறவைகள் மேலேயிருந்து போட்டதை மட்டும் பார்த்தாள். இறங்கி வந்து போனில் காட்டுவார்கள். மலையை மறைத்துக்கொண்டு நாச்சியார். அருவியை மறைத்துக்கொண்டு அவர். ஏரியை மறைத்துக்கொண்டு எல்லோரும். நல்லாயிருக்கா என்று கேட்பார்கள், நல்லாயிருக்கு என்பாள், இலையைப் போட்டுச் சோற்றைப் பரிமாறுவாள். அதில் ஒரு சுகமும் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. பாவம் மைனி, எங்களுக்காக இங்ஙனயே இருக்காக என்று யாராவது சொல்லும்போது உள்ளே எதுவோ உப்பி எழும், அடுத்த கரண்டி சோறு தாராளமாக விழும். பாவம் என்ற சொல்லுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டிருக்கிறாள்.

காற்று வந்தது. காட்டுக்காற்றுக்கு ஒரு வாசனை உண்டு, மக்கிய இலையும் ஈரக்கல்லும் கலந்து, எங்கேயோ பூத்திருக்கிற எதுவோ ஒன்றும் சேர்ந்து. அது மேலேயிருந்து வருகிறது, பாதையில் இறங்கி வருகிறது, அவர்கள் போன பாதையில். உச்சியில் மொட்டைப்பாறை என்று ஒரு பாறை இருக்கிறதாம், அதன்மேல் நின்றால் ஒரு பக்கம் மேகம் மலைக்குள் புகுந்து புகுந்து வெளியே வருவது தெரியுமாம், இன்னொரு பக்கம் காத்தாடிகள், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகள் மொத்தமும், நடுவில் குளங்கள். வாசலில் மாட்டியிருந்த பலகையில் எழுதியிருக்கிறது, வேனில் வரும்போது மாப்பிள்ளையும் சொல்லிக்கொண்டு வந்தார், கேட்கிற காதெல்லாம் மற்றவர்கள் காது என்று நினைத்திருப்பார். அவளுக்குப் பார்க்கவேண்டும். இன்றைக்கு மட்டும் ஏன் இப்படிப் பிடிவாதமாக நெஞ்சில் வந்து உட்காருகிறது என்று தெரியவில்லை, ஆனால் பார்க்கவேண்டும், அந்த மேகம் புகுந்து வெளியே வருவதை யார் முதுகும் மறைக்காமல் பார்க்கவேண்டும். பார்க்கவேண்டுமென்றால் எழுந்து போகவேண்டியதுதானே, கால் இருக்கிறது, கால் மரக்கட்டை இல்லை. ஆனால் மேடு ஆகாதே. மறுபடி அங்கேதான் வந்து நிற்கிறது, செக்குமாடு மாதிரி, எந்தப் பக்கம் கிளம்பினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. செண்பகாதேவி அருவிக்கு ஏறும் வழியில், கல்யாணமான மறுவருஷப் பொங்கலுக்கு, அவளுக்கு வந்த மயக்கத்தில்தான்.

அந்தக் கதையை நாச்சியார் சொல்லிக் கேட்கவேண்டும், கண்ணும் காதும் வைத்துச் சொல்வாள். குற்றாலத்து மெயின் அருவியைத் தாண்டி மேலே ஏறிக்கிட்டிருந்தோம், மைனி பச்சை வாயில் புடவை, தலைநிறையக் கனகாம்பரம், நல்லாத்தான் வந்தாக, திடீர்னு பாத்தா ஆளைக் காணோம், திரும்பிப் பாத்தா அப்படியே சரிஞ்சு கிடக்காக, கண்ணு மேல செருகிட்டு, எங்கண்ணனுக்குக் கை கால் ஓடல, நாந்தான் ஓடிப்போய்ச் சுனையில முந்தானையை நனைச்சிட்டு வந்தேன். முதல் வருஷம் அவள் சரிந்தாள். அப்புறம் உருண்டாள். மதியின் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டாரிடம் நாச்சியார் சொன்னபோது உலகம்மாள் மலையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தாள், சங்கரலிங்கம் கையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். இழுக்கவும் இல்லை ஒன்றும் இல்லை, அவர் துண்டால் விசிறிக்கொண்டே யாராவது வண்டி கொண்டாங்க என்று காட்டுக்குள் நின்று கத்தினார், அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கண் திறந்தபோது மரக்கிளையும் அவர் மூக்கும் தெரிந்தன. அன்றைக்கு வந்து விழுந்த சொல்தான், உலகுக்கு மேடு ஆகாது. அதற்கப்புறம் மொட்டைமாடியில் வடகம் காயப்போட நாச்சியார் ஏறினாள், உலகம்மாள் கீழே நின்று கூழைக் கிண்டினாள். பொருட்காட்சியில் ராட்டினத்தில் மதி ஏறினாள், உலகம்மாள் கீழே நின்று பலூனைப் பிடித்துக்கொண்டாள். வீடு வாங்கும்போது மாடிவீடு காற்றோட்டமாக இருந்தது, வேண்டாம், உனக்காகத்தான் கீழ்வீடு என்றார் சங்கரலிங்கம், மாடிப்படி ஏற முடியாதது யாருக்கு என்று அவருடைய முழங்காலைக் கேட்டால் அது உண்மையைச் சொல்லியிருக்கும். ஒரு தடவை வந்த மயக்கம். ஒரே ஒரு தடவை. அதற்கு முன்னாலும் இல்லை, அதற்குப் பின்னாலும் இல்லை, பின்னால் வருவதற்கு அவளை யாரும் எங்கேயும் ஏறவிடவே இல்லை. அம்மை குத்தினால் தழும்பு நிற்கும், அதுபோல ஒரு மயக்கத்துக்கு ஒரு ஆயுள்.

குரங்கு வந்துவிட்டது. தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி தொங்குகிறது, எதிரே கல்லில் உட்கார்ந்து உலகம்மாளைப் பார்க்காமல் கட்டைப்பையை மட்டும் பார்க்கிறது. சூ என்றாள் ஒப்புக்கு. அது அசையவில்லை. அந்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டு அது மேலேயும் போகும் கீழேயும் வரும், யாரும் அதனிடம் உனக்கு ஆகாது என்று சொல்லவில்லை. இட்லி நினைவுக்கு வந்தது. எதற்கு இப்போது இட்லி. காலையில் வேனில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்ததும் மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், எண்ணெ நாத்தம் கொமட்டுதும்மா, மூடி வை என்றாள். நல்லெண்ணெய் நாத்தமா, செக்கில் ஆட்டின எண்ணெய், வழக்கமாக அந்தப் பொடிக்கே ஒன்றுக்கு நாலாகச் சாப்பிடுகிற பிள்ளை. வேன் குலுக்கலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். ஆனால் விடவில்லை போலிருக்கிறது, உள்ளே எங்கேயோ கொக்கியில் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது, எண்ணெ நாத்தம் கொமட்டுது, இதை யாரோ முன்னால் சொல்லியிருக்கிறார்கள், இதே மாதிரி ஒரு காலையில், இதே மாதிரி ஒரு வண்டியில், பஸ்ஸில், ஆமாம், குற்றாலம் போகிற பஸ்ஸில், நாச்சியார் பொட்டலத்தைப் பிரித்தபோது, யார் சொன்னது, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைத் திறந்தது யார். உலகம்மாள்தான். பச்சை வாயில் புடவையும் கனகாம்பரமும் வைத்திருந்த உலகம்மாள். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மதி பிறந்தது ஆவணிக் கடைசியில். விரல் தானாக மடங்கிற்று, ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி, பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள், சித்திரை, பங்குனி, மாசி, தை. தையிலும் நிற்கவில்லை, மார்கழிக்குள் போனது கணக்கு. மார்கழியிலேயே நாள் தள்ளிப்போயிருக்கிறது, பொங்கல் வேலையில், வெள்ளையடிப்பதும் பாத்திரம் விளக்குவதுமாக, அவள் கவனிக்கவில்லை, தை முடியும்போதுதான் தெரிந்தது, மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டாள், சங்கரலிங்கம் அல்வா வாங்கி வந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் நாலு வாரத்துக்கு முந்தின மயக்கத்தைப் போய் எடுத்துத் திருத்த யாருக்கு நேரம் இருந்தது. அவளுக்கே இருக்கவில்லை. மேடு இல்லை. அது மேடே இல்லை. மதி.

முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது, சிரிப்பு முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்று பார்த்தாள், மாமியார் இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள், நாச்சியார் அப்போது பாவாடை தாவணிப் பெண், அவருக்கோ பிள்ளைப்பேறு பற்றித் தெரிந்ததெல்லாம் அல்வா வாங்குவது மட்டும்தான். மிஞ்சியது உலகம்மாள். நாலு பேர் சொன்னதும் சரிதான் போலிருக்கிறது என்று உட்கார்ந்துகொண்ட உலகம்மாள், ஒருதடவைகூட எழுந்து நின்று ஏறித்தான் பார்ப்போமே என்று சொல்லாத உலகம்மாள். பெற்றது மறுவருஷமே மடியில் இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு எங்கே ஏறுவது என்று ஒரு சாக்கு, அப்புறம் அது பள்ளிக்கூடம் போனது, பரீட்சை எழுதியது, அப்புறம் அதன் கல்யாணம், சாக்குக்கா பஞ்சம். வாழ்க்கை முழுக்க ஒரு பிள்ளை வயிற்றில் வந்ததற்கு மலைமேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழுந்தாள். பாதையைப் பார்த்தாள், கல்படிகளுக்கு மேலே வெளிச்சமும் நிழலும் மாறி மாறிக் கிடந்தன. உட்கார்ந்தாள். ஏனென்றால் இன்னொன்றும் இருந்தது, சரியாகச் சொன்னால் அதுதான் பயம். போய் நிஜமாகவே மயக்கம் வந்துவிட்டால். அன்றைக்கு மதியும் உண்டு, மேடும் உண்டு என்று இருந்துவிட்டால். ஐம்பது தாண்டியாகிவிட்டது, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை வேறு, நடுக்காட்டில் சரிந்தால் நாச்சியாருக்குச் சொல்ல இன்னும் முப்பது வருஷத்துக்குக் கதை கிடைக்கும், சொன்னோம்லா மைனி என்று ஆரம்பிப்பாள். விழுவதைவிட அந்தச் சொன்னோம்லாதான் பெரிய பள்ளமாகத் தெரிந்தது. இதற்குள் தாய்க்குரங்கு இறங்கி வந்து கட்டைப்பையிலிருந்து ஒரு கரும்புத் துண்டை இழுத்தது. குரங்குக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது என்று அதே பலகையில் எழுதியிருக்கிறது. அவள் கொடுக்கவில்லையே, அதுவாக எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கிடு என்றாள் உலகம்மாள், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சத்தமாகச் சொன்னாள்.

பேச்சுக்குரல் கேட்டது. இதற்குள்ளேயா என்று பார்த்தாள். பாதைத் திருப்பத்தில் முதலில் தெரிந்தது மாப்பிள்ளை பரணி, பின்னால் வருகிறவள் கையைப் பிடித்தபடி பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். மதியின் முகம் வெளுத்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் நாச்சியார், அவள் முகத்தில் மட்டும் களை, ஒரு கதை கையில் கிடைத்த களை. கடைசியில் சங்கரலிங்கம், பாறையைப் பார்க்காமலே திரும்பியதில் அவருக்கு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை, சோற்றுக் கூடையைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"மைனி, உங்க மக உங்களை அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்றாள் நாச்சியார் வந்துசேரும் முன்பே. "பாதி வழிதான் ஏறியிருப்போம், தலை சுத்துதுன்னு பொத்துன்னு உக்காந்துட்டா. நீங்க செம்பகாதேவியில விழுந்தீங்கள்ளா, அதே கணக்கு."

"ரத்தத்துல வாரதுலா" என்றார் சங்கரலிங்கம், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. "மாப்பிள்ளை, இவளுக்கும் மேடு ஆகாதுன்னு எங்களுக்கு முன்னமே தெரியாமப் போச்சு. இனிமே எங்க போனாலும் அம்மாவும் மகளும் கீழ இருந்துகிடட்டும். பைக்கு ரெண்டு ஆளாச்சு." அவர் சிரித்தார், அவர் சிரிப்பில் விஷம் எதுவும் கிடையாது, அதுதான் அதில் உள்ள கஷ்டம்.

"எப்பா, எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு நிமிஷந்தான் சுத்துச்சு. இப்ப சரியாப் போச்சு" என்றாள் மதி. "நான் மேல போவணும்."

"பிடிவாதம் பிடிக்காதட்டி. மாப்பிள்ளை வேணும்னா போய் போட்டோ எடுத்துட்டு வரட்டும், பாத்துக்கிடலாம்."

மதி வந்து பெஞ்சில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் நாச்சியாரின் கை ஒயர்கூடையை நகர்த்தி இடம் பண்ணியது, பாதி மதியின் மடிமேலும் பாதி பெஞ்சிலுமாக வைத்தது, அதை வைக்கும்போது நாச்சியார் வேறு எங்கேயோ பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள், அவளுக்கே தெரியாமல் அவள் கை செய்தது அது. உலகம்மாள் அந்தக் கூடையைப் பார்த்தாள். இருபத்தாறு வயசு மடி. இதே மாதிரிதான் தன் மடிக்கும் வந்திருக்கும், யாரோ எங்கேயோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது. மகளின் காதோரம் குனிந்தாள்.

"ஏட்டி, நாள் தள்ளிப்போயிருக்கா?"

மதி சடாரென்று திரும்பினாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, உதடு அசையாமல், "பத்து நாளாச்சு. அவர்ட்டகூட இன்னும் சொல்லல" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

உலகம்மாள் கூடையை மகள் மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். எழுந்து நின்றாள். என்ன சொல்லப்போகிறோம் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள்.

"செம்பகாதேவியில எனக்கு மயக்கம் வந்தது மேட்டால இல்ல" என்றாள். "இவ வயித்துல இருந்தா. ஆவணிக் கடைசியில பெத்தேன், நீங்களே பின்னால எண்ணிப் பாருங்க. மேடும் இல்ல, ரத்தமும் இல்ல. இத்தனை வருஷம் எல்லாருஞ் சேந்து என்னைக் கீழயே உக்கார வச்சிருக்கிய. நானும் உக்காந்திருக்கேன்."

நாச்சியாரின் விரல் முந்தானைக்குள் மடங்குவது தெரிந்தது. எண்ணி முடித்துவிட்டாள், அவள் கண் மெதுவாக உலகம்மாளை விட்டு மதியிடம் போனது, மதியின் முகத்திலிருந்து கீழே இறங்கியது, வாய் திறந்தது.

"நாச்சியார், வாயை மூடிக்கிட்டு இரி" என்றாள் உலகம்மாள். "அது அவ சொல்ல வேண்டிய சேதி, சொல்லும்போது சொல்லட்டும்."

நாச்சியார் மூடிக்கொண்டாள். அவள் மூடி உலகம்மாள் பார்த்தது இதுதான் முதல்முறை. மாப்பிள்ளை மட்டும் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார், என்ன சேதி அத்தை என்று கேட்கலாமா கூடாதா என்பதுபோல.

"மதி, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள் உலகம்மாள். "வரணும்னா வா. இரிக்கணும்னா இரி, அதுலயும் ஒண்ணுமில்ல. நீயே சொல்லு."

"வாரேன்" என்றாள் மதி.

"ஏளா, உலகு, என்ன இது" என்றார் சங்கரலிங்கம். "அப்ப பைக்கு யாரு இரிப்பா?"

"நீங்க இரிங்க."

"நானா?"

"உங்களுக்கு உக்காருறது ஆகும்" என்றாள். அவர் பெஞ்சைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், கல்லில் உட்கார்ந்து கரும்பு கடிக்கிற குரங்கைப் பார்த்தார். கேலியா நிஜமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவளுக்கும் பிடிபடவில்லை, ஆனால் கால் ஏற்கனவே நடக்க ஆரம்பித்திருந்தது.

படிகள் ஒழுங்கில்லாமல் இருந்தன, ஒன்று முழம் உயரம், ஒன்று சாண் உயரம். நாச்சியார் அண்ணனோடு கீழேயே நின்றுவிட்டாள். மதி பக்கத்தில் வந்தாள், மாப்பிள்ளையைப் பின்னால் வரச் சொல்லியாகிவிட்டது, விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும், அதற்குத்தானே மாப்பிள்ளை. மெதுவாக ஏறினார்கள், மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்றார்கள், நிற்பதற்கு யாரிடமும் காடு அழகாயிருக்கிறது என்று சொல்லவேண்டியிருக்கவில்லை. மலை அணில் ஒன்று தலைக்கு மேலே கிளை தாவியது, பூனை அளவு இருந்தது, வால் செந்நிறமாகத் தொங்கியது, இவ்வளவு பெரிதா என்றாள், இவ்வளவு பெரிதா என்று மறுபடியும் சொன்னாள். மூன்றாவது திருப்பத்தில் ஒரு பக்கம் மரம் விலகி வெறும் பள்ளமாக இருந்தது, கீழே அணைக்கட்டின் தண்ணீர் தகடுபோலக் கிடந்தது, வேன் சின்னதாக, நிஜமாகவே தீப்பெட்டி அளவுக்கு. பார்த்தாள். இன்னொருமுறை பார்த்தாள். அப்போதுதான் வந்தது. பள்ளம் மேலே எழுந்து வருவதுபோல இருந்தது, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, காதுக்குள் இரைச்சல், உள்ளங்கை வேர்த்தது, கல்லைத் தேடிக் கை நீண்டது. வந்துவிட்டதே. இப்போது வயிற்றில் யாரும் இல்லை, இது அவளுடையது, அவளுடையதே, அப்படியானால் அவர்கள் சொன்னது சரி, சரியாகவே இருக்கட்டுமே, பாதி சரியாக இருக்கட்டும், முழுக்கச் சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். படிமேல் உட்கார்ந்தாள், சரியவில்லை, உட்கார்ந்தாள், அது வேறு இது வேறு. புடவையில் ஈரமண் ஒட்டியது. ஒரு எறும்பு கால்விரலில் ஏறியது, அதைத் தட்டிவிடக் கை சரியாகப் போனது, அதைக் கவனித்தாள்.

"எம்மா." மதி குனிந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள், மாப்பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். "முகமெல்லாம் வேத்துருச்சு. தலை சுத்துதா? இறங்கிருவோமா?"

உலகம்மாள் கண்ணை மூடவில்லை. மரங்கள் சாய்ந்துகொண்டிருந்தன, சாயட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். இதுதானா. இவ்வளவுதானா. இதற்குத்தானா ஒரு ஆயுசு. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தாள், நெஞ்சில் இறங்குவது தெரிந்தது.

"சுத்துது" என்றாள். "சுத்தட்டும். நீயும் இங்ஙன உக்காரு. சுத்துறது நின்னதும் போவோம்."

மதி பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள், அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். மேலேயிருந்து காற்று இறங்கி வந்தது. சுற்றி முடிக்கும்வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள், அப்புறம் எழுந்து மேலே நடந்தார்கள்.